எந்த ஆட்டுக்குப் பட்டை? நார்வே மலை மேய்ச்சலில் இருப்பிடம் காட்டும் கருவிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நார்வேயில் கோடை தொடங்கியதும் செம்மறிகளை மலைக்கு விட்டுவிடுவார்கள். ஜூன் வாக்கில் ஏறும் ஆடுகள் செப்டம்பரில்தான் இறங்கும். குட்டிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 லட்சம் ஆடுகள். நம் பக்கத்துக் கீதாரி போல மந்தையோடு கூடவே நடக்கும் ஆள் அங்கே இல்லை. பெரும்பாலான இடங்களில் வேலியும் இல்லை. நாட்டின் நிலத்தில் 3 சதவீதம் அளவுக்குத்தான் உழ முடியும். அந்தக் கொஞ்ச நிலத்திலும் நீண்ட குளிர்காலத்துக்கான தீவனப் புல்லை வளர்த்தாக வேண்டும். அதனால் கோடை முழுக்க ஆடுகளுக்கு மலைதான் சாப்பாடு. காடு, சதுப்பு, பாறைச் சரிவு என்று அவை தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டு போகும்.

செப்டம்பரில் எண்ணிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். பல ஆண்டுகளாகவே ஒவ்வொரு கோடையிலும் ஒரு லட்சத்தை ஒட்டிய ஆடுகள் திரும்புவதில்லை. இந்த இழப்பைக் குறைக்கத்தான் கழுத்துப் பட்டையில் ஜிபிஎஸ் கட்டும் யோசனை வந்தது. இன்று நார்வேயில் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன, அரசு உதவித்தொகை இருக்கிறது. கைபேசியைத் திறந்தால் வரைபடத்தில் ஆடுகள் புள்ளிகளாகத் தெரிகின்றன. பட்டையால் எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். கால்நடைக் கருவிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவியோடு முடிந்துவிடுகிறது. ஆட்டுக்காரர் எதைத் தெரிந்துகொள்ளத் தவிக்கிறார் என்பதிலிருந்து தொடங்கினால் இந்தக் கதை வேறு மாதிரி தெரியும்.

காணாமல் போவது எப்படி

ஓநாய், கரடி, லிங்க்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனை, வால்வரின், பொன்னாங்கழுகு என ஐந்து வேட்டை விலங்குகள் நார்வே மலைகளில் ஆடுகளைப் பிடிக்கின்றன. வால்வரின் என்பது நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. நடுத்தர நாயளவுதான் இருக்கும், ஆனால் பலம் அதிகம். இவை எல்லாமே பாதுகாக்கப்பட்ட விலங்குகள். வேட்டை விலங்குகளும் வாழ வேண்டும், மேய்ச்சலும் நடக்க வேண்டும் என்ற இரட்டை இலக்கை நார்வே நாடாளுமன்றம் 2004-லும் மறுபடி 2011-லும் செய்த உடன்பாடுகளில் ஏற்றுக்கொண்டது. அதன்படி எந்தப் பகுதியில் எதற்கு முன்னுரிமை என்றும் பிரித்திருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட விலங்கு ஆட்டைக் கொன்றால் அரசு இழப்பீடு தரும்.

ஆனால் எல்லா ஆடும் வேட்டையில் சாவதில்லை. உண்ணிக் காய்ச்சல் வந்தால் குட்டியின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, சாதாரணத் தொற்றே அதைக் கொன்றுவிடும். மேற்குக் கடற்கரைச் சதுப்புகளில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு செடி வளர்கிறது. அதைத் தின்ற குட்டிகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டாலே காதும் முகமும் வீங்கிப் புண்ணாகும். குட்டி நிழல் தேடி ஒதுங்கி, பாறை இடுக்கில் படுத்தே செத்துப்போகும். பாறையிலிருந்து விழுவது, ஆற்றில் போவது, ரயிலிலும் காரிலும் அடிபடுவது, ஈப் புழு வைப்பது என்று இன்னும் பல காரணங்கள் உண்டு.

ஆட்டுக்காரருக்கு எது நடந்தது என்று தெரிய வேண்டும். கரடி என்றால் மந்தையை முன்கூட்டியே இறக்கலாம். உண்ணி என்றால் மருந்து மாற்றலாம். செடி என்றால் அந்தச் சரிவுக்கு விடாமல் இருக்கலாம். காரணம் தெரியாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே மலைக்கு அதே மாதிரி அனுப்ப வேண்டியதுதான்.

காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி செத்த ஆட்டின் உடல். அரசின் இயற்கைக் கண்காணிப்பு அமைப்பைச் சேர்ந்தவர் அழைத்தால் மலைக்கு வருவார். கத்தியை எடுத்துத் தோலை உரித்துப் பார்ப்பார். தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடி விழுந்திருக்கிறது. ரத்தக்கட்டு இல்லையென்றால் செத்த பிறகு எதுவோ தின்றிருக்கிறது. லிங்க்ஸ் குரல்வளையைப் பிடிக்கும். வால்வரின் பிடரியிலும் மண்டையிலும் கடிக்கும். கரடி தாய் ஆட்டின் மடியைத் தின்னும். கழுகின் நகம் முதுகில் ஆழமான துளைகளைப் போட்டிருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு இவ்வளவும் அந்த உடலில் இருக்கிறது. ஆனால் நார்வேயாக இருந்தாலும் கோடையில் இதெல்லாம் சில நாட்களுக்குத்தான். நரியும் அண்டங்காக்கையும் புழுவும் சேர்ந்துவிட்டால் எலும்பும் கம்பளியும்தான் மிஞ்சும்.

காணாமல் போன ஆடுகளில் உடல் கிடைத்துக் காரணம் உறுதியாவது ஒரு சிறிய பங்குக்குத்தான். மீதி ஆடுகளுக்கான இழப்பீடு, அந்த வட்டாரத்தின் நிலைமையை வைத்து மதிப்பிட்டே முடிவாகிறது. அதனால் கண்டெடுத்து உறுதி செய்யும் ஓர் உடல் அந்த ஓர் ஆட்டோடு நிற்பதில்லை, அந்தப் பண்ணையின் மொத்தக் கோரிக்கைக்கும் அது வலு சேர்க்கிறது. ஆட்டுக்காரருக்கும் வேட்டை விலங்கு ஆதரவாளருக்கும் நடுவில் ஆண்டாண்டாக நடக்கும் வழக்கிலும் உறுதியான சான்று என்றால் இதுதான்.

ஆக, உயிரோடு மேயும் ஆடு எங்கே இருக்கிறது என்பதைவிட, அசைவு நின்ற ஆடு எங்கே கிடக்கிறது என்பதை அன்றே தெரிந்துகொள்வதுதான் பெரிய தேவை. இதை 1990-களிலேயே ஆராய்ச்சியாளர்கள் உணர்ந்திருந்தார்கள். அன்றைய கருவியில் ஜிபிஎஸ் கிடையாது. ஆட்டின் கழுத்தில் ஒரு சின்ன ரேடியோ, அது டிக், டிக் என்று துடிப்பு அனுப்பும். சில மணி நேரம் அசைவே இல்லையென்றால் துடிப்பின் வேகம் மாறும். ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு மலை ஏறி, திசை பார்த்துப் போய் உடலை எடுப்பார்கள். ஆராய்ச்சிக்கு இது சரி, தினமும் ஏறி இறங்க ஆள் இருந்தது. பண்ணைக்காரருக்கு அந்த வசதி இல்லை.

பேட்டரி எங்கே போகிறது

அடுத்து வந்தவை ஜிபிஎஸ்ஸும் செல்பேசி சிம்மும் சேர்ந்த பட்டைகள். டெலிஸ்போர் என்ற நார்வே நிறுவனம் இந்த வழியில் வந்தது. யோசனை எளிது: ஜிபிஎஸ் இடத்தைக் கணக்கிடும், சிம் அதை அனுப்பும், ஆட்டுக்காரர் வரைபடத்தில் பார்ப்பார். ஆனால் இடையில் பேட்டரி மாற்ற முடியாது. மூன்று நாலு மாதம் மலையில் திரியும் ஆட்டைப் பிடித்து மாற்ற வேண்டுமென்றால் கருவியே தேவையில்லை, கையாலேயே பிடித்துவிட்டோமே.

பலரும் ஜிபிஎஸ்தான் பேட்டரியைத் தின்கிறது என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், தோராயக் கணக்குதான். ஜிபிஎஸ் சில்லு வேலை செய்யும்போது 30 மில்லியாம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாட்டிலைட் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில் 30 விநாடிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த விவரம் ஏறத்தாழ 4 மணி நேரத்துக்கு மேல் உதவாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கண் விழிக்கும் பட்டை ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகக் கேட்டாக வேண்டும். ஆகவே ஒரு தடவைக்கு அரை நிமிடமாவது ஆகும், அதாவது 0.25 மில்லியாம்பியர்-மணி. ஒரு நாளைக்கு நான்கு தடவை, 100 நாள். மொத்தம் 100 மில்லியாம்பியர்-மணி. பென்சில் செல் அளவுள்ள ஒரு நல்ல லித்தியம் பேட்டரியில் 3000 இருக்கும். ஜிபிஎஸ்ஸுக்கு அதில் மிகக் கொஞ்சம்தான் போகிறது.

இப்போது அனுப்பும் வேலை. செல்பேசி மோடம் டவரைக் கண்டுபிடித்து, தன்னைப் பதிந்துகொண்டு, சேதியை அனுப்ப சராசரியாக 200 மில்லியாம்பியரில் 30 விநாடி எடுத்தால், கோடை முழுக்க 670 மில்லியாம்பியர்-மணி ஆகும். இதுவும் தாங்கும். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் ஆடு இறங்கிவிட்டால்தான் சிக்கல். மோடம் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம் தேடினால் 100 நாளில் 4000. பருவம் முடியுமுன் பேட்டரி செத்துவிடும். அதாவது, கவனிக்க ஆளே இல்லாத தொலைவில் மேயும் ஆட்டின் பட்டைதான் முதலில் அணைந்துபோகும். அந்த ஆட்டுக்காகத்தானே பட்டையே வாங்கியது!

இந்த இடத்தில்தான் வடிவமைப்பவரின் திறமை தெரிகிறது. சிக்னல் இல்லையென்றால் தேடலைச் சீக்கிரம் கைவிட வேண்டும். இடத்தை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, ஆடு மேட்டில் ஏறும்போது சேர்த்து அனுப்ப வேண்டும். எத்தனை முறை தோற்றால் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்பதையும் சரியாக அமைக்க வேண்டும். பட்டை வாங்குபவர்கள் ஜிபிஎஸ் எத்தனை மீட்டர் துல்லியம் என்று கேட்கிறார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் பட்டை என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்னால் வந்த என்பி-ஐஓடி, எல்டிஇ-எம் என்னும் செல்பேசி முறைகள் இதைக் கொஞ்சம் எளிதாக்கின. இவை சின்னக் கருவிகளுக்காகவே 2016-ல் தரப்படுத்தப்பட்டவை. என்பி-ஐஓடி பழைய 2ஜியைவிட நூறு மடங்கு பலவீனமான சிக்னலையும் பிடித்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. ஆனால் அந்த ஆற்றல் இலவசமாக வருவதில்லை. அதே சேதியைத் திரும்பத் திரும்ப அனுப்பித்தான் அது எட்டுகிறது, அதற்கும் பேட்டரிதான் செலவாகும்.

ஃபைண்ட்மை என்ற இன்னொரு நார்வே நிறுவனம் டவரையே நம்பாமல் குளோபல்ஸ்டார் சாட்டிலைட்டுகளுக்கு அனுப்பும் பட்டையைச் செய்தது. அவை சுமார் 1400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வானம் தெரிந்தால் போதும், டவர் வேண்டாம். இதில் பயன்படும் சில்லு அனுப்ப மட்டும்தான் செய்யும், கேட்காது. சேதி போய்ச் சேர்ந்ததா என்று பட்டைக்கே தெரியாது. ஆகவே ஒரே சேதியைச் சில முறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடும். வீட்டிலிருந்தபடி ஆட்டின் பட்டைக்குச் சாட்டிலைட் வழியாக “இனி மணிக்கொரு தடவை சொல்லு” என்று கட்டளையிட முடியாது. ஒரு சேதியில் சில எழுத்துகள் அளவுக்குத்தான் இடம். இவ்வளவு குறைகள் இருந்தும் டவர் இல்லாத உள்நாட்டு மலைகளுக்கு இதுதான் பொருத்தம். பதில் எதிர்பார்க்காத சேதிக்கு ஆகும் செலவு முன்கூட்டியே தெரியும், தேடிக்கொண்டே பேட்டரியைத் தீர்க்கும் ஆபத்து இல்லை. ஒழுங்காக மூன்று மாதம் பேசும் செவிட்டுப் பட்டையை நான் தேர்ந்தெடுப்பேன்.

தாய்க்கா, குட்டிக்கா?

நார்வேயில் ஒரு தாய் ஆடு பெரும்பாலும் இரண்டு குட்டிகளோடு மலை ஏறும். பட்டை தாயின் கழுத்தில்தான் இருக்கும். சில பண்ணைகள் எல்லாத் தாய்க்கும் கட்டுகின்றன, சில பண்ணைகள் சிலவற்றுக்கு மட்டும். குட்டிக்குக் கட்டாததற்குக் காரணம் உண்டு. மலை ஏறும்போது சிறிதாக இருக்கும் குட்டி, இறங்கும்போது இரண்டு மடங்கு எடை போட்டிருக்கும். கழுத்தும் கூடவே பருக்கும். இறுக்கமாகக் கட்டினால் கழுத்தை நெரிக்கும், தளர்வாகக் கட்டினால் முன்காலை உள்ளே விட்டுச் சிக்கிக்கொள்ளும். ஆராய்ச்சியில் விரிந்துகொடுக்கும் பட்டைகளைக் கட்டினார்கள். ஆனால் அவற்றை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். செலவும் இருக்கிறது, இலையுதிர்காலத்தில் இறைச்சிக்குப் போகும் குட்டிக்கு எத்தனை பட்டை வாங்குவது?

வால்வரினும் லிங்க்ஸும் கழுகும் பெரும்பாலும் பிடிப்பதோ குட்டியைத்தான். சதுப்புச் செடி கெடுப்பதும் குட்டியைத்தான். யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்கள் கழுத்தில் பட்டை இல்லை. இந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்திய விஷயம் இதுதான். வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் பச்சையாக நகர்ந்துகொண்டிருக்கும்போதே கீழே குட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கலாம்.

ஆனாலும் தாயின் பட்டை குட்டியைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. வழக்கமாக இரவில் படுத்திருக்கும் ஆடுகள் நடுராத்திரியில் ஒரே ஓட்டமாக ஒரு கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் அங்கே எதுவோ துரத்தியிருக்கிறது. கலைந்து மேயும் ஆடுகள் திடீரென்று நெருங்கி நின்றாலும் அப்படித்தான். பட்டைகளில் உள்ள அசைவு உணரியை வைத்து இப்படிப்பட்ட பதற்றத்தைக் கண்டு எச்சரிக்கை அனுப்பும் வசதியும் வந்திருக்கிறது. குட்டியை இழந்த தாய், இழந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்து கத்தும். அந்தச் சுற்றலும் வரைபடத்தில் தெரியும், பார்க்கத் தெரிந்தால். நேரில் போனால் மடி கட்டிக் கனத்திருப்பதைக் கண்டு பழகிய ஆட்டுக்காரர் உடனே புரிந்துகொள்வார்.

ஆட்டின் இனமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. நார்வே வெள்ளைச் செம்மறி என்னும் கனத்த இனம்தான் அங்கே அதிகம். அது தாயும் குட்டியுமாகத் தனித்தனியாகப் பரந்து மேயும். குட்டை வால் கொண்ட பழைய ஸ்பேல் இனம் கூட்டமாக ஒட்டி நடக்கும். ஸ்பேல் மந்தையில் சில பட்டைகள் இருந்தாலே மந்தை எங்கே என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும். வெள்ளை இனத்தில் ஒரு பட்டை ஒரு குடும்பத்தைத்தான் காட்டும். எத்தனை பட்டை வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கடையில் இல்லை, ஆட்டின் குணத்தில் இருக்கிறது.

பட்டை வந்த பிறகு

நார்வே விதிப்படி, தனியான ஆபத்து எதுவும் இல்லாத மேய்ச்சல் நிலத்திலும் வாரம் ஒருமுறையாவது ஆடுகளைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆபத்து கூடினால் இன்னும் அதிகமாகப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் இது பெரும்பாலும் நடந்து தேடுவதிலேயே போய்விடும். நாள் முழுக்க நடந்துவிட்டுப் பாதி ஆடுகளைக்கூடப் பார்க்காமல் திரும்ப வேண்டியிருக்கும். பட்டை வந்த பிறகு எந்தப் பள்ளத்தாக்கு என்று தெரிந்தே கிளம்புகிறார்கள். தேடும் நேரம் பார்க்கும் நேரமாக மாறுகிறது. நொண்டுகிறதா, கண் ஒழுகுகிறதா, குட்டி இரண்டும் கூட இருக்கிறதா என்பதையெல்லாம் புள்ளி சொல்லாது, பக்கத்தில் போனால்தான் தெரியும்.

செப்டம்பரில் ஆடுகளை இறக்கும் வேலைதான் பட்டை அதிகம் மிச்சப்படுத்துவது. பல பண்ணைகள் சேர்ந்து மேய்ச்சல் சங்கமாக நாள் குறித்து, ஆளும் நாயுமாக மலையைச் சலிப்பார்கள். மிஞ்சிய சில ஆடுகளுக்காகப் பனி விழும் வரைக்கும் திரும்பத் திரும்ப ஏற வேண்டியிருக்கும். அந்தக் கடைசி ஆடுகள் எங்கே என்று தெரிந்தால் அது ஒரு நாள் வேலை.

அசைவு நின்றதும் வரும் எச்சரிக்கை எல்லாமே மரணம் அல்ல. பட்டை கழன்று புதரில் கிடக்கலாம். செங்குத்தான பாறையை ஒட்டி நிற்கும்போது சிக்னல் பாறையில் மோதித் திரும்புவதால் இடம் நூறு மீட்டர் தள்ளிக் காட்டலாம். அடர்ந்த காட்டில் நூறு மீட்டர் என்பது பெரிய தூரம், உடல் கிடைக்காமலே திரும்பி வருவதும் நடக்கும். இருந்தாலும் எச்சரிக்கை வந்த அன்றே போனால் கண்காணிப்பாளர் தோலை உரித்துப் பார்க்கும்படி உடல் இருக்கும். இழப்பு கூடிய பகுதிகளில் இந்தப் பட்டைகளுக்கு அரசு ஒரு பங்கு செலவைத் தருகிறது. வேட்டை விலங்குகளால் வரும் சண்டையைத் தணிக்க ஒதுக்கிய நிதியிலிருந்தும் தருகிறது. அது சரியான செலவு. காரணம் தெரியாத சாவுதான் இரண்டு தரப்பையும் கசப்பாக்குகிறது.

இதே நார்வேயில் பிறந்த இன்னொரு கருவியோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆஸ்கர் ஹோவ்டே பெர்ன்ட்சன் 2011-ல் தொடங்கிய நோஃபென்ஸ் நிறுவனத்தின் பட்டை, கண்ணுக்குத் தெரியாத வேலி. எல்லையை வரைபடத்தில் வரைந்துவிட்டால் போதும். விலங்கு அதைத் தாண்டப் போகும்போது பட்டை படிப்படியாக ஏறும் ஓர் ஒலியை எழுப்பும், அப்படியும் திரும்பாவிட்டால் ஒரு சிறு மின் அதிர்வு தரும். முதலில் வெள்ளாடுகளுக்கு வந்தது, பிறகு மாடுகளுக்கும் செம்மறிகளுக்கும். இங்கே இடத்தை நாளுக்கு நாலு தடவை கணக்கிட்டால் போதாது. எல்லைப் பக்கத்தில் வந்துவிட்டால் விடாமல் கணக்கிட வேண்டும். அதனால்தான் அதில் சூரிய ஒளித் தகடு இருக்கிறது, எடையும் அதற்கேற்பக் கூடுகிறது. ஓரளவுக்குக் கட்டுக்குள் இருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கு அது நல்ல கருவி. கோடை முழுக்கக் கலைந்து மேயும் மலை ஆட்டின் தேவை வேறு. இரண்டும் கழுத்துப் பட்டைதானே என்று ஒன்றின் விலையையும் பேட்டரியையும் மற்றதோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

குட்டியின் காது

குட்டிக்குப் பட்டை முடியாது என்றால் காதில் ஏதாவது மாட்டலாம் அல்லவா? நார்வேயில் எல்லாக் குட்டிக்கும் அடையாளக் காது வில்லை ஏற்கெனவே உண்டு. அதில் குறைந்த தூரம் மட்டும் பேசும் ஒரு ப்ளூடூத் சில்லை வைக்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன. டிரோண்ட்ஹெய்மில் உள்ள நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், ட்ரோன் பறந்து அந்த வில்லைகளின் ரேடியோவைக் கேட்டு ஆடுகளைக் கண்டுபிடிக்கும் வழியையும் ஆராய்ந்திருக்கிறார்கள். குட்டியின் காதில் கனம் கூடாது, கூடினால் காது கிழியும். ஆகவே பொத்தான் பேட்டரிதான், ஜிபிஎஸ் கிடையாது. “நான் இன்னார்” என்று அவ்வப்போது சொல்வது மட்டுமே அதன் வேலை. அதைத் தாயின் பட்டை கேட்டுக் குறித்துக்கொண்டு தன் இடத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அரை நாளாக ஒரு குட்டியின் குரல் கேட்கவில்லையென்றால், கடைசியாக எங்கே கேட்டதோ அங்கே போய்ப் பார்க்கலாம்.

நான் ஒரு மேய்ச்சல் சங்கத்துக்கு யோசனை சொல்வதாக இருந்தால் இதற்குத்தான் காத்திருக்கச் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பரந்து மேயும் இனத்தில் குட்டி தாயை விட்டு விலகிப் பக்கத்துப் பண்ணை ஆடுகளோடு அரை நாள் மேய்ந்துவிட்டு வரும். அந்தப் பண்ணையின் பட்டைகளும் இந்தக் குட்டியின் வில்லையைக் கேட்டால்தான் அது தொலையவில்லை என்று தெரியும். ஒரே மலையில் ஒருவர் ஒரு நிறுவனத்தின் பட்டையையும் அடுத்தவர் இன்னொன்றையும் வாங்கி, ஒன்றின் வில்லை மற்றதற்குக் கேட்காமல் போனால், வீண் எச்சரிக்கைகள் குவியும். நாலாவது எச்சரிக்கைக்கு மேல் யாரும் மலை ஏற மாட்டார்கள். எந்த வில்லை என்பதைப் பண்ணைக்குப் பண்ணை தனியாக முடிவு செய்யாமல், பனிக்காலத்தில் சங்கம் கூடும்போதே எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒன்றையே வாங்க வேண்டும்.